வெங்காயக் காட்டுல ஒரு வீக்லி ஆஃப்

ஐயையோ, அப்புடிப் புடிக்காதீங்க பாக்யம் அக்கா! அது வெங்காயம், ஊசி மருந்து இல்ல. தாள இழுத்துப் புடிச்சு, அருவாமணையில இப்புடி ஒரு இழு. ஒரு வெரக்கடை காம்பு நிக்கணும். ஒட்ட அறுத்தா, சேத்து வைக்கிற பட்டறையில கெடந்து அழுகிரும்னு அம்மாக்கண்ணு சித்தி வையும்.

ஆமா, முருகன் கோயிலுக்குன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். போவலையா? மலையேறி, கரும்பு வச்சிருக்கிற சாமியப் பாத்து, தேங்கா ஒடச்சீங்கல்ல? பொறவென்ன. எறங்கி வர்ற வழியில சித்தி காடு இருக்கு, அதுக்கு நான் என்ன பண்ணுவேன். மொறைக்காதீங்க. வார்டுல நீங்க ஹெட் சிஸ்டரு, மொறைச்சா நடுங்குவேன். இங்க சித்திதான் ஹெட்டு.

வாட்ச்ச ஏன் பாக்குறீங்க? இந்த மினி பஸ் போனா அடுத்த மினி பஸ்ஸு. திங்கக்கெழமையிலேருந்து ஒங்களுக்கு வேலையே இல்லங்கிறீங்க, அப்புறம் என்ன அவசரம்? கோவப்படாதீங்கக்கா. பெரிய டாக்டருகிட்ட போயி நான் வேலையிலேருந்து நின்னுக்கிறேன்னு சொல்லப்போறதா நீங்கதானே சொன்னீங்க. ஒங்க வூட்டுக்காரரு எஸ்.டி.டி. பூத்துலேருந்து போனப் போட்டு, சித்ரா, ஒங்கக்காகிட்ட நீயாச்சும் பேசும்மான்னாரு பாவம். நான் எங்க பேசுறேன். வெங்காயம் அரியத்தான் கூட்டியாந்தேன்.

ஒரு கூத்து சொல்றேன் கேளுங்க. போன தையில எங்க நாத்தனாருக்கு வளகாப்பு. சந்தனம் பூசியாச்சு, வளையல் போடுங்கண்ணின்னு கைய நீட்டுறா. நான் கையப் புடிச்சேனா, வெரலு தன்னால மணிக்கட்டுக்குப் போயிருச்சு. நாடியப் புடிச்சுக்கிட்டு வாட்ச்ச பாத்துட்டு நிக்கிறேன். சபையே என்னைய வேடிக்க பாக்குது. அதோட வுட்டேனா? வளையல மாட்டிட்டு, ம், அடுத்தாளு வாங்கன்னு வாசலப் பாத்துக் கத்திட்டேன்! எங்க மாமியா மூஞ்சி போன போக்கு இருக்கே.

சிரிச்சீங்க. இல்ல, சிரிச்சீங்க, நான் பாத்தேன். சிரிப்பு வருதுல்ல? அப்புறம் எப்புடி மனசு மரக்கட்டையாப் போச்சுங்கிறீங்க.

தெரியும்க்கா. அந்தப் புள்ளையக் கொண்டாந்தப்ப நானுந்தான் கூட நின்னேன். கடலக் காட்டுல பாம்பு கடிச்சு, நேரங்கழிச்சுத்தான் தூக்கியாந்தாங்க. நீங்க பக்கத்த வுட்டு நகரல. மருந்து ஏத்துனீங்க, நெஞ்ச அமுக்குனீங்க, என்னென்னமோ பண்ணிப் பாத்தீங்க. மத்தியானம் உசுரு போயிருச்சு. அவங்கம்மா வராண்டாவுல பொரண்டு அழுவுது. நீங்க கையக் கழுவிட்டு வந்து புளிசோத்துப் பொட்டலத்தப் பிரிச்சு, உப்பு கம்மியா இருக்குன்னீங்க. புள்ள கெடந்த எடத்தக் காட்டி, நாலாம் நம்பர் பெட்டுக்கு பெட்ஷீட் மாத்திட்டியாடின்னு கேட்டீங்க. அதத்தானே நெனச்சு நெனச்சு மருகுறீங்க? எனக்கு ஒண்ணுமே தோணலடி சித்ரா, நான் மனுசியே இல்லடின்னு.

அட போங்கக்கா! பசிச்சுச்சு, சாப்ட்டீங்க. வார்டு பூரா ஆளு படுத்திருக்கு, நின்னு அழுதுக்கிட்டு இருந்தா அதுங்களுக்கெல்லாம் ஊசி யாரு போடுறது? நமக்கு அழுவ எடமில்லக்கா, அதான் விசயமே. வூட்டுல அழுதா புள்ளைங்க பயந்துருது. பஸ்ஸுல அழுதா கண்டக்டரு கூட என்னம்மான்னு கேக்குறான். சரி நாளைக்குப் பாத்துக்கலாம்னு உள்ள தள்ளிக்கிட்டே வந்தா, அது அங்கயே கல்லா எறுகிப் போவுது.

இங்க பாருங்க. எதுத்தாப்புல அந்தப் பச்சப் பொடவக்காரம்மா மூக்கச் சிந்துது. அந்தக் கோடியில இருக்கிற பொண்ணுக்குக் கண்ணு கோவப்பழமாட்டம் இருக்கு. ஏன்னு யாராச்சும் கேட்டாங்களா? செட்டிகுளத்து வெங்காயம், காரம் அப்புடி.

ஏ, தொடைக்காதீங்க! வெங்காயக் கையோட கண்ணத் தொடாதீங்கக்கா, எரிஞ்சு தொலையும். வுடுங்க, அது பாட்டுக்கு வழியட்டும்.

ம்? என்ன சொன்னீங்க?

மகேசு. ஆமாக்கா, மகேசுதான் பேரு. ஒண்ணாப்பு படிச்சுச்சாம். ஆமா, டவுசர் பையில கடல வச்சிருந்துச்சு, நானும் பாத்தேன். அழுவுங்க, நல்லா அழுவுங்க. நாலாம் நம்பர் பெட்டுன்னு இப்ப சொல்லல பாத்தீங்களா.

வேலைய வுடுறது ஒங்க இஷ்டம்க்கா. மேலுக்கு முடியல, சலிச்சுப்போச்சு, வுடுறேன்னு சொல்லுங்க, நானே மால வாங்கிட்டு வர்றேன். மரக்கட்டைன்னு சொல்லிக்கிட்டு மட்டும் போவாதீங்க, எனக்குத் தாங்காது.

யாரு, சித்தியா? அதோ சாக்கு மடிச்சுக்கிட்டு நிக்குது. எங்கம்மா கூடப் பொறந்ததா? ஐய, எங்கம்மா ஒத்தப் பொண்ணு, எனக்கு ஏது சித்தி. போன ஆவணியில டூட்டி முடிஞ்சு வூட்டுக்குத்தான் பஸ் ஏறுனேன். எறங்க வேண்டிய எடம் வந்துச்சு, எறங்கத் தோணல. இங்க வந்து எறங்கி, இனிமே ஆசுபத்திரிப் பக்கமே தலவச்சுப் படுக்கக் கூடாதுன்னு யூனிஃபாரத்தோட ரோட்டோரம் நிக்கிறேன். இந்தம்மா பாத்துட்டு, ஏ புள்ள, சும்மாத்தானே நிக்கிற, வந்து ரெண்டு கூடை அரிஞ்சு குடுன்னுச்சு. யாரு எவருன்னு ஒரு வார்த்த கேக்கல. பொழுது சாயுற வரைக்கும் அரிஞ்சேன். மறுநா காலையில நீங்ககூட, என்னடி கண்ணு வீங்கிக் கெடக்குன்னு கேட்டீங்க. வெங்காயம்க்கான்னேன்.

அதுலேருந்து ஆஃப் கெடைக்கிறப்பல்லாம் இங்கதான். செத்த தள்ளி ஒக்காருங்கக்கா, அந்தக் கூடைய நடுவுல வைங்க. எனக்கும் இந்த வாரத்துது பாக்கி இருக்கு.