முடிவைச் சொல்லக் கூடாது

— முடிவை மட்டும் சொல்லுங்க மேடம். வேற ஒண்ணும் வேணாம். அந்த ஞானாம்பாள் வீட்டுக்குத் திரும்பி வர்றாளா, வல்லியா?

— மணவாளன் சார், நான் இப்பதான் சர்ச்சுலேருந்து வந்து லைப்ரரிக் கதவயே தொறக்குறேன். மொதல்ல உள்ள வந்து ஒக்காருங்க. என்னா சார், ஒரு கால்ல கருப்பு செருப்பு, ஒரு கால்ல காப்பிக் கலரு?

— ரெண்டும் என்னுதுதான். அத வுடுங்க. லாஜிக்கா ஒரே ஒரு கேள்வி. வர்றாளா, வல்லியா?

— எந்த ஞானாம்பாள்?

— இதோ, இந்தப் பச்ச அட்டை நாவல்ல வர்றவ. நீங்கதான் குடுத்துருக்கீங்க. பின் அட்டையில சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க. 'பிரிசில்லா வாடகை நூலகம், மஞ்சக்குப்பம்.' கீழ எம் பொண்டாட்டி எழிலரசி பேரு, போன மாசத் தேதி, உங்க கையெழுத்து. ஆதாரம் பக்காவா இருக்கு.

— ஆதாரமா! ஆண்டவரே! சரி சார், நான் ஒண்ணு கேக்குறேன். யாரும் யாருக்கும் நாவல் முடிவச் சொல்லக் கூடாதுன்னு நம்ம வாசகர் வட்டத்துல ரூல் போட்டது யாரு?

— ...நான்தான்.

— உப்பளத்துல நடக்குற கொலைக் கதையில, கொலகாரன் அந்த டாக்டருதான்னு திருநாவுக்கரசு வாத்தியார் வாய் தவறிச் சொல்லிட்டாரு. அதுக்கு அவரு மூணு மாசம் கூட்டத்துக்கே வரக் கூடாதுன்னு எழுந்து நின்னு கத்துனது யாரு?

— நான்தான் மேடம். ஆனா அது கொலைக் கதை. முடிவு போச்சுன்னா எல்லாம் போச்சு. இது பொம்பளைங்க கதை. பருப்பு வெந்துச்சா வேவலியான்னு முன்னூறு பக்கம். இதுல முடிவச் சொன்னா என்னா கொறைஞ்சு போவுது?

— அப்ப சொல்லாட்டியும் ஒண்ணும் கொறையாதுல்ல? டீ போடுறேன், சக்கரை ஜாஸ்தியா, கம்மியா?

— எழிலு வூட்ட வுட்டுப் போயிட்டா மேடம்.

— நீங்க சொல்லுங்க சார். மொதல்லேருந்து சொல்லுங்க.

— நேத்து சனிக்கெழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட். சிப்காட்லேருந்து மூணு மணிக்கு வூட்டுக்கு வர்றேன், கதவு பூட்டியிருக்கு. சாவி எதுத்த வூட்ல. உள்ள போனா, குக்கர்ல சோறு, ரசம், உருளக்கெழங்கு வறுவல். ரெண்டு நாளைக்குத் தாங்குற அளவுக்கு. பரண் மேல இருந்த நீலப் பையக் காணோம். போன் போட்டா ரிங்கு போவுது, எடுக்கல. பதினாறு தடவ.

— யாருகிட்டயாவது விசாரிச்சீங்களா?

— நேரடியா விசாரிச்சா மானம் போயிடும்ல? பெண்ணாடத்துல இருக்குற மச்சானுக்குப் போன் பண்ணி, கரும்பு வெட்டு எப்பிடிப் போவுதுன்னு கேட்டேன். அவரு பாட்டுக்கு ஆலையப் பத்தி அரை மணி நேரம் பொலம்புனாரு. தங்கச்சி வந்துருக்குன்னு ஒரு வார்த்தை வல்ல. சோ, அங்க இல்ல. அப்பறம் எம் பொண்ணு அனுப்பிரியாவுக்குப் போட்டேன். 'அம்மா பத்தரமா இருக்காங்கப்பா'ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. எங்க இருக்காங்கன்னு சொல்லல.

— ம்ம். இந்தப் புக்கு எங்க கெடைச்சுது?

— டிவி மேல. அவ பையில எடுத்துக்கிட்டுப் போவாம ஏன் வுட்டுட்டுப் போனா? லாஜிக்கா பாத்தா, நான் கண்டுபுடிக்கணும்னுதானே? சரின்னு தொறந்தேன். மொத பக்கத்துலயே, நாப்பத்தெட்டு வயசு ஞானாம்பாள் ரெண்டு நாளைக்குச் சமைச்சு வச்சுட்டு ஒரு பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுறா. நாவல்ல மோர்க்கொழம்பு, எங்க வூட்ல ரசம். அது ஒண்ணுதான் வித்தியாசம்! நீங்க குடுத்த புக்கப் படிச்சுட்டுதான் அவ போயிருக்கா. குத்தத்துக்கு நீங்க உடந்தை மேடம்.

— அப்பிடியா? போன வருசம் நான் உங்களுக்கு மாசம் நாலு கொலை நாவல் குடுத்தேன். நீங்க யாரையாவது போட்டுத் தள்ளுனீங்களா?

— ...அது வேற.

— என்னா வேற? கூட்டத்துல நீங்க சிபாரிசு பண்ற அழக நான் பாத்துருக்கேன்ல. 'மொத பக்கத்துலயே பொணம் சார், வாங்கிட்டுப் போங்க, சோறு எறங்காது'ன்னு பாக்குறவங்க கையில எல்லாம் திணிப்பீங்க. இந்தப் பச்ச அட்டைய நான் நாலு மாசமா எல்லாருக்கும் சொல்றேன். மாவு மெஷின் வச்சிருக்குற அம்மா படிச்சாங்க, கலெக்டர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டு பொண்ணு படிச்சுது. நீங்க ஒருத்தருதான் அட்டையப் பாத்துட்டு, 'இதுல பொணம் எங்க மேடம்'ன்னு கேட்டுட்டுப் போனவரு.

— இப்ப இருநூத்திப் பதினாலாம் பக்கம் வரைக்கும் வந்துருக்கேன்.

— நீங்களா?

— நேத்து சாயங்காலம் புடிச்சது. முடிக்கவும் பயமா இருக்கு, மூடவும் பயமா இருக்கு. ஒரு எடத்துல பென்சிலால கோடு போட்டு வச்சிருக்கா. நூத்திப் பதினெட்டாம் பக்கம். படிக்கிறேன் கேளுங்க. 'இருபத்தாறு வருடங்களாக இந்த வீட்டில் இருக்கிறேன். நான் உட்காருவதற்கென்று இங்கே ஒரு நாற்காலி இல்லை.'

— ம்.

— அதப் படிச்சுட்டு எங்க வூட்ட ஒரு சுத்து சுத்திப் பாத்தேன் மேடம். எல்லாம் தடயம் பாக்கத்தான். சாப்பாட்டு மேசைக்கு மூணு நாற்காலி. ரெண்டுல எம் புக்கு அடுக்கியிருக்கு, ஒண்ணுல நான் ஒக்காருவேன். ஹால்ல ஈசி சேரு, அதுவும் என்னுது. எழிலு எங்கதான் ஒக்காருவான்னு யோசிச்சேன். சமையக்கட்டுல ஒரு ஸ்டூலு கெடக்கு. ஒரு காலு ஆடுது. அதுல ஒக்காந்து பாத்தேன்.

— அப்பறம்?

— ரெண்டு நிமிசத்துக்கு மேல முடியல. முதுகு புடிச்சுக்கிச்சு.

— டீயக் குடிங்க சார். ஆறிடும்.

— ஞானாம்பாள் வீட்டுக்காரன் நல்லவனும் இல்ல, கெட்டவனும் இல்ல மேடம். குடிக்கிறது கெடையாது, அடிக்கிறது கெடையாது. பக்கம் பக்கமா தேடுறேன், இவ எதுக்குப் போனான்னு. குத்தம் எங்க நடந்துச்சுன்னே புடிபடல. ரத்தம் இல்ல, கத்தி இல்ல. இருநூறாம் பக்கம் வந்தப்பறம்தான், அட, இந்தாளு மொத பக்கத்துலேருந்து அத்தன பக்கத்துலயும் பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்துருக்கானேன்னு ஒறைச்சுது.

— துப்பறியத் தெரிஞ்ச ஆளுதான் நீங்க. சரி, நான் ஒரு விசாரணை பண்றேன், பதில் சொல்லுங்க. உப்பளக் கதையில செத்துப் போனவன் சட்டையில எத்தன பட்டன்?

— ஆறு. மூணாவது மட்டும் வேற கலரு. அத வச்சுதானே கொலகாரன் மாட்டுவான்.

— எழிலு மூக்குக் கண்ணாடி என்ன கலரு?

— எழிலு கண்ணாடி போடுறாளா?

— ஒரு வருசமா போடுறா சார்.

— ...மேடம், கொஞ்சம் தண்ணி குடுங்க.

— இந்தாங்க. இப்ப மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. வியாழக்கெழமை சாயங்காலம் நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?

— படிச்சுக்கிட்டிருந்தேன். நீங்க புதன்கெழமை குடுத்தீங்கள்ல, ரயில்வே கேட்டுல தல இல்லாத பொணம். ஈசி சேர்ல சாஞ்சா நேரம் போனதே தெரியல.

— அப்ப எழிலு உங்க பக்கத்துல வந்து நின்னுருப்பா.

— நின்னாளா?

— நின்னு, ஒரு விசயம் சொல்லியிருப்பா. நீங்க புக்குலேருந்து கண்ண எடுக்காம என்னா சொல்லியிருப்பீங்க?

— 'ம்'னு சொல்லியிருப்பேன். எப்பவும் அப்பிடித்தான்.

— அதுக்குத்தான் சார் நீங்க 'ம்' போட்டுருக்கீங்க. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு சிதம்பரம் கீழ வீதியில ஒரு மாடி ஹால்ல கூட்டம். புதுசா வந்த பெண்கள் நாவல் பத்தி ஆளுக்குப் பத்து நிமிசம் பேசணும். எழிலு பேசுறா. இந்தப் பச்ச அட்டையப் பத்தி.

— எழிலா? மேடையிலயா? பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட மிச்சச் சில்லறை கேக்கவே என்னயப் பாப்பாளே மேடம்!

— அது நீங்க பக்கத்துல இருக்கும்போது. நம்ம லைப்ரரி மகளிர் கூட்டத்துல வந்து பாத்தாதானே உங்களுக்குத் தெரியும்? இவ எழுந்து நின்னு ஒரு நாவலச் சொன்னா, அடுத்த நாளு என் அலமாரியில அந்தப் புக்கு இருக்காது.

— புக்கு என்கிட்டல்ல இருக்கு? புக்கு இல்லாம எப்பிடிப் பேசுவா?

— மூணு தடவ படிச்சவளுக்குப் புக்கு எதுக்கு?

— ஏன் மேடம், நெசமாவே வியாழக்கெழமை சொன்னாளா?

— நீங்க சொல்லுங்க. நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க.

— இருங்க, இருங்க... ஆமா. சிதம்பரம்னு காதுல வுழுந்த மாரிதான் இருக்கு. நான் கூட, கோயிலுக்குப் போறா போலன்னு நெனச்சேன். 'ரெண்டு நாளு ஆவும்ங்க'ன்னா. கரெக்ட்! கையில கரண்டி வச்சிருந்தா. 'சமைச்சு வச்சுட்டுப் போறேன், சுட வச்சு சாப்புடுங்க'ன்னா. அதுக்குத்தான் நான் 'ம்' சொன்னேன்!

— பாத்தீங்களா.

— அடக் கடவுளே! சொல்லிட்டுத்தான் போயிருக்கா! நான் என்னடான்னா நேத்துலேருந்து ஒண்ணுமே சாப்புடாம கெடக்குறேன். அந்த ரசம் கெட்டே போயிருக்கும். ஆனா சொன்னவ போன எடுக்க வேணாமா?

— நீங்க 'ம்' சொன்னதுல கோவமா இருக்கும்.

— நியாயம். அது நியாயம். நான் இப்ப என்னா பண்ணட்டும் மேடம்?

— வூட்டுக்குப் போயி ஒரே ஜோடி செருப்பாப் போட்டுக்கிட்டு, திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல சிதம்பரம் பஸ் ஏறுங்க. கடைசி வரிசையில ஒக்காந்து எழிலு பேசுறத முழுசாக் கேளுங்க. நடுவுல எழுந்து லாஜிக் கேக்காதீங்க.

— கேக்க மாட்டேன். இந்தப் புக்கு?

— பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம் இருக்குல்ல? மீதி எழுவது பக்கத்தையும் படிச்சுட்டுப் போங்க.

— ஆலப்பாக்கம் தாண்டுறதுக்குள்ள முடிச்சுடுவேன்.

— வேகமா ஓட்டாதீங்க சார். இதுல பொணம் கெடையாது. எல்லாரும் உசுரோட இருக்காங்க.

— அப்ப வர்றேன் மேடம். உங்களப் போயி உடந்தைன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க.

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க. படியில ஒரு கல்லு ஆடும்.

* * *

— எழிலு, நான் பிரிசில்லா. ஹாலுக்குப் போயிட்டியா? போனக் காதுலயே வச்சுக்கிட்டு கொஞ்சம் வெளிய வா. உங்க வூட்டுக்காரரு சிதம்பரம் பஸ்ஸுல வந்துகிட்டிருக்காரு.

— ஐயோ, அக்கா! எங்க இருக்கேன்னு நீங்களா சொன்னீங்க? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னீங்களே!

— நாவல் முடிவைத்தான் சொல்ல மாட்டேன். கேளுடி. அந்த மனுசன் இருநூத்திப் பதினாலு பக்கம் படிச்சுட்டு வந்து ஒக்காந்துருந்தாரு.

— எந்த நாவலு?

— நீ டிவி மேல வச்சுட்டுப் போனது.

— அவரா? பொம்பளைங்க கதையா? அதுல கோடு போட்டிருந்தேனே...

— அதையும் பாத்துட்டாரு. சமையக்கட்டு ஸ்டூல்ல ஒக்காந்து பாத்தாராம். முதுகு புடிச்சுக்கிச்சாம்.

— ஸ்டூல்ல ஒக்காந்தாராமா? அவரேவா சொன்னாரு?

— நான் கேக்காமயே சொன்னாரு.

— சரி, வரட்டும். ஆனா ஒண்ணுக்கா. நாளைக்கு இங்க ஹாஸ்டல் வார்டன் வேலையில சேர்றதுல மாத்தம் கெடையாது. ரூமு குடுத்துட்டாங்க, எம் பைய வச்சுட்டேன். வேலைய வுட்டுட்டு வான்னா நான் வர மாட்டேன்.

— அத நீயே அவரு மொகத்தப் பாத்துச் சொல்லு. இன்னைக்கு நிமுந்து பாப்பாரு.

— பயமாத்தான்க்கா இருக்கு. ஒரு வார்த்தை சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்னு அத்தன பேரு முன்னாடி கத்துனா?

— கத்த மாட்டாரு. நீதான் வியாழக்கெழமையே சொல்லிட்டியே. கையில கரண்டியோட நின்னு, ரெண்டு நாளு ஆவும், சுட வச்சு சாப்புடுங்கன்னு.

— நானா? வியாழக்கெழமை அவருகிட்ட நான் வாயே தொறக்கலியேக்கா!

— எனக்குத் தெரியும்டி. ஆனா அவருக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கு.