ஓட்டமும் நாலாவது இட்லியும்

அவைக்குத் தலைமையேற்றும் என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிற மருத்துவர் நமசிவாயம் அவர்களே! விடிவதற்குள் தென்காசி வீதிகளைக் காலால் அளந்துவிட்டு வந்திருக்கும் நடைப்பயிற்சி மன்றத்துப் பெரியோர்களே! வயிறு நிரம்பியவனுக்கும் "இன்னும் ஒண்ணு" என்று வைக்கிற வள்ளல்களாகிய தாய்மார்களே! வடை எப்போது வரும் என்று வாசலைப் பார்க்கிற பின்வரிசைத் தம்பிமார்களே! பரமசிவன் என்னும் இந்தத் தமிழாசிரியனின் பணிவான வணக்கம்.

உடற்கொழுப்பைக் குறைப்பது ஓட்டமா, ஊட்டமா? ஆடி அலைந்து குறைப்பதா, அளந்து உண்டு குறைப்பதா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. என்ன அண்ணாச்சி, மாத்திரை இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்? இருந்தால் இந்த மேடையில் நான் ஏன் நிற்கிறேன்? உட்காருங்கள்.

இந்தக் கேள்வி என் வீட்டுக்குள் உயிர்க்கேள்வியாக வந்தது. என் மனைவி இசக்கிச்செல்விக்கு ஈரல் சுருங்கிவிட்டது. மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். என் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலில் நீட்டியவன் நான்தான். ரத்தப்பிரிவு சேரவில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அப்போது முன்வந்தான் அவள் அண்ணன், என் மச்சான், கீழப்பாவூர் மணிமுத்து. தென்காசிக் காவல் நிலையத்தில் ஏட்டு. மார்பென்றால் மார்பு, மீசையென்றால் மீசை! மதுரையில் பரிசோதித்த மருத்துவர் சொன்னார்: "உங்க ஈரல்ல கொழுப்பு இருக்கு." வந்ததே மச்சானுக்குக் கோபம்!

"யாரப் பாத்து சார் கொழுப்புங்கிய? முப்பது ஊர்க்காரன் எனக்குச் சலாம் போடுதான், ஒருத்தன்ட்ட திமிராப் பேசிருப்பனா?"

தமிழே, தமிழே! தேகத்தில் சேர்வதற்கும் திமிருக்கும் ஒரே சொல்லை வைத்தாயே! மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். கொழுப்பேறிய ஈரலை எடுத்தால் கொடுப்பவனுக்கும் ஆபத்து, பெறுபவளுக்கும் ஆபத்து. இரண்டு மாதத்தில் குறைத்துவிட்டு வாருங்கள், அதற்குமேல் உங்கள் தங்கை தாங்கமாட்டார் என்றார்.

ஓடத் தொடங்கினான் மச்சான். தென்காசியில் புறப்பட்டுக் குற்றாலம் வரை ஓட்டம்! ஓடிப்போய் அருவியில் நிற்பான். "தண்ணி அடிக்க அடிக்கக் கொழுப்பு கரையும்லா, மாப்ள" என்பான். அருவியடித்துக் கொழுப்புக் கரையுமானால், சீசனுக்கு வந்து போகிறவனில் ஒருவனுக்காவது தொப்பை இருக்குமா? குளித்து ஏறினால் பசி குடலைத் தின்னும். அதுதான் ஓடிவிட்டோமே என்று இரண்டு புரோட்டா, ஒரு கரண்டி சால்னா. வியர்த்து வியர்த்து விரட்டியதை விருந்து வைத்துத் திரும்ப அழைத்துவிட்டான்! எடை இறங்கவில்லை.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. குறைகிற கொழுப்பு எங்கேதான் போகிறது? வியர்வையிலா? கழிவிலா? கைதூக்கிச் சொல்லுங்கள் பார்ப்போம். நானும் வியர்வை என்றுதான் நினைத்தேன். நமது தலைவரிடம் கேட்டேன். "பெரும்பகுதி மூச்சுக்காற்றா வெளிய போகுது, வாத்தியாரே" என்றார். வியந்துபோனேன் ஐயா! ஊதி ஊதியே போகிறதாம் நம் உடம்பு!

அவரே சொன்னார்: எடை இறங்க முதலில் கை வைக்க வேண்டியது தட்டில்; இறங்கிய எடை மறுபடி ஏறாமல், தசையும் வற்றாமல் காப்பது நடை; ஈரல் கொழுப்புக்கு இரண்டும் வேண்டும். அதன்படி உணவு ஆலோசகர் ஒருவர் அளவு சொன்னார். காலையில் மூன்று இட்லி, இரவில் மூன்று சப்பாத்தி. புரோட்டாவைக் கையெடுத்துக் கும்பிட்டு விட்டேவிட்டான் மச்சான். ஓட்டமும் நிற்கவில்லை. ஆனாலும் எடை ஆமையாய் நகர்ந்தது. ஏன்? எதனால்? எங்கே ஓட்டை?

ஒரு நாள் காலை நானும் செல்வியும் கீழப்பாவூர் போயிருந்தோம். மச்சானுக்கு அவன் மனைவி ஜெயபிரியா இட்லி வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... நான்கு!

"மூணுதான சொன்னாவ, தங்கச்சி?" என்றேன்.

கரண்டியோடு நின்றவள் கண் கலங்கிவிட்டது. "மூணு எப்பிடிண்ணே வைக்க? மூணு வைக்கக் கூடாதும்பாவள்லா! வீட்ல ஒருத்தி உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா, இப்பப் போயி மூணு வச்சா வெளங்குமா?"

தாய்மார்களே, சிரிக்காதீர்கள்! உங்களில் யார் வீட்டில் மூன்று வைக்கிறீர்கள்? காலையில் ஒன்று, இரவில் ஒன்று கூடிக்கொண்டே வந்திருக்கிறது. நாத்தனார் பிழைக்க வேண்டும் என்ற அச்சமே நாத்தனாருக்கு எதிராக நின்றது. அவளிடம் என்ன சொல்வது? மூடநம்பிக்கை என்று மேடைப்பேச்சு பேசவா?

செல்விதான் மெல்ல நகர்ந்து வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல நாளாகக் கஞ்சியைக்கூட ஒதுக்கியவள். அண்ணன் தட்டிலிருந்து ஓர் இட்லியை எடுத்துக்கொண்டாள்.

"மைனி, நீங்க நாலே வைங்க. மூணு அண்ணனுக்கு, ஒண்ணு எனக்கு. கடைசில பாத்தா வச்சது நாலுதான?"

பிட்டுப் பிட்டு, முழு இட்லியையும் தின்றாள். ஜெயபிரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். செல்வி அங்கேயே தங்கிவிட்டாள்; மறுநாள் முதல் அண்ணனும் தங்கையும் ஒரே தட்டில் உண்டார்கள். மாலையில் அவன் ஓடினான். அவளும் வாசல்வரை நடந்தாள். கெடு முடியுமுன் மச்சானின் ஈரல் தேறிவிட்டது, எடுக்கலாம் என்றார் மருத்துவர்.

அறுவை முடிந்தது. கொடுத்தவனிடமும் வளரும், பெற்றவளிடமும் வளரும் ஒரே உறுப்பு ஈரல் என்று அன்று அறிந்தேன். கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி மட்டுமா? கண்விழித்த மச்சான் கேட்டான்: "செல்வி முழிச்சாளா?" நான் கிடுகிடுவென அந்த அறைக்கு ஓடினேன். அவள் கண்திறந்து, "அண்ணன் எப்பிடி இருக்காவ?" என்றாள். இங்கிருந்து அங்கே ஓடினேன். அங்கிருந்து இங்கே ஓடினேன். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாதவன், கொடுக்க ஈரல் சேராதவன், அந்த இரண்டு கட்டில்களுக்கும் இடையே ஓடினேனே, அதுதான் ஐயா ஓட்டம்! செவிலியர் "சார், மெதுவா போங்க" என்று அதட்டியும் நான் நிற்கவில்லை.

ஈரல் நலமாய், நெஞ்சம் ஈரமாய் நீங்கள் அனைவரும் நெடுநாள் வாழ்க! பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி, வணக்கம்.