நாற்காலியிலிருந்து அஞ்சு தடவை

விடுங்கம்மா, அந்தச் செருப்பை அவரே கழட்டட்டும். அட, உங்களைத்தான். தரையில மண்டிபோட்டுப் புருஷனுக்குச் செருப்புக் கழட்டறீங்களே, அவருக்குக் கெட்டுப்போனது கிட்னியா, கையா?

கோச்சுக்காதீங்க. உள்ள போயிட்டாரில்ல? இனி டயாலிசிஸ் முடிய நாலு மணி நேரம் ஆகும். இப்படி உக்காருங்க. புதுசா? ரெண்டாவது வாரமா? அதான் இன்னும் முகத்துல கருணை வழியுது.

நானா? நான் தம்பியோட வந்திருக்கேன். மூணு வருஷமா வரேன். துரை இப்போ எதிர்ல அந்த எக்சர்சைஸ் ரூம்ல இருக்காரு. பரீட்சை. என்ன பரீட்சைன்னு கேட்டா சிரிப்பீங்க. கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, நாற்காலியில உக்காந்து எழுந்து நிக்கணும். அஞ்சு தடவை. அவ்வளவுதான். மூணு மாசம் முன்னாடி வெச்சப்போ மூணோட நின்னுட்டான். நாலாவதுக்குக் கைப்பிடியைத் தேடறான், வெக்கங்கெட்டவன்.

இவன் பார்த்த வேலை என்ன தெரியுமா? வீடு மாத்தறவங்களுக்குச் சாமான் ஏத்தி இறக்கற வேலை. ஃப்ரிட்ஜை முதுகுல கட்டிக்கிட்டு மூணு மாடி ஏறுவான். வீட்டுக்கு வந்தா என்னை நாற்காலியோட சேர்த்துத் தூக்கி ஒரு சுத்து சுத்துவான். எருமைன்னு திட்டுவேன். இப்போ அந்த எருமை பாட்டில் மூடி திறக்க என்னைக் கூப்பிடுது. வயசா? நாப்பத்தி ஆறு. நடைக்கு மட்டும் எண்பது.

சோம்பேறித்தனம்னுதான் நினைச்சேன். டாக்டரம்மா இல்லைன்னுட்டாங்க. இந்த வியாதி சதையைக் கரைச்சுடுமாம். சும்மாவே கிடந்தா மிச்சம் இருக்கறதும் போயிடுமாம். வீட்ல யாரு இவரைப் பாத்துக்கறதுன்னு கேட்டாங்க. நான்தான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். நான்தான் எழுப்பி உக்கார வெப்பேன், பொத்தான் போட்டு விடுவேன், தோள்ல சாய்ச்சு பாத்ரூம் கூட்டிட்டுப் போவேன், ஒரு துரும்பை நகர்த்த விட்டதில்லைன்னு. மெடல் குத்தி விடுவாங்கன்னு எனக்கு நினைப்பு. அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாங்க.

நல்ல உடம்பை உக்கார வெச்சே உருக்கின முட்டாளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. இதோ, பக்கத்துலயே உக்காந்திருக்கேன், பாத்துக்கோங்க.

அஞ்சு தடவை எதுக்கா? ஆபரேஷனுக்கு. இந்த உடம்போட மேஜையில படுக்க வெச்சா பிழைச்சு எழுந்திரிப்பானான்னு பயப்படறாங்க. கிட்னியெல்லாம் தயாராத்தான் இருக்கு. ரத்தம் பார்த்து, பொருத்தம் பார்த்து, எல்லாம் முடிஞ்சு ஏழு மாசமாச்சு. எங்க இருக்குன்னு கேக்கறீங்களா? இங்கதான், என் இடுப்புல. கொடுக்க நான் இருக்கேன், வாங்கிக்க அவனுக்குத் தெம்பில்ல.

கதவு திறக்குது. பயிற்சி கொடுக்கற பொண்ணு என்னைப் பார்த்து விரல் காட்டறா பாருங்க. நாலு. நாலாம்! மூணு மாசம் முக்கி முனகி ஒண்ணு கூடியிருக்கு துரைக்கு.

வாசல்ல செருப்பு மாட்டக் குனியறான். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டான். கால் நடுங்குது.

அம்மா, என் கையைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. விட்டீங்கன்னா ஓடிப்போய் நானே மாட்டி விட்டுடுவேன்.