பாதருக்கு அக்கா வைத்த பிரசங்கம்

“இந்த முறை வீட்டில பிரசங்கம் வைக்காத தம்பி. போன நத்தாருக்குச் சோறெல்லாம் ஆறிப்போச்சு.”

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்கா, நத்தார்ப் பண்டிகைக்கு, யேசு பிறந்த நாளுக்கு, ஊர் திரும்பும் தன் தம்பியான கத்தோலிக்கப் பாதரிடம் சொன்னார்.

“மன்னிப்பைப் பத்தித்தானே அக்கா கதைச்சன்?”

“ஓம், ஊருக்கெல்லாம் மன்னிப்பு. மெதடிஸ்தப் பிள்ளையக் கலியாணம் முடிச்ச நம்மட கடைசித் தம்பி சின்னவனுக்கு மட்டும் இல்ல. அவன்ட மகளுக்கு ரெண்டு வயசு. நீ இன்னும் முகம் பார்க்கல்ல.”

“கோயில்ல என்ன நினைப்பாங்க?”

“மாட்டுக் கொட்டில்ல பிறக்கக்குள்ள யேசுபாலன் ஆரிட்டக் கேட்டவர்?”

பக்கத்தில் நின்ற முஸ்லிம் கடை முதலாளி ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

பஸ் நின்றது. “சின்னவன்ட வீடு இங்கதான்” என்று அக்கா இறங்கிவிட்டார். பாதர் கொஞ்சம் தயங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினார்.

“அங்கியக் கழட்டிப்போட்டு வா,” என்றார் அக்கா. “பிள்ளை பயந்திடும்.”