பேட்டுக்குப் பின்னால் மூன்று விரல்

— டேபிள் டென்னிஸ் மேஜைக்கு இடது பக்கமே பந்தைப் போட்டுக் கொல்றான் மாமா, நம்ம ஃபேக்டரி ஸ்டோர்காரன். ரெண்டு கேம் போச்சு. இப்பவாவது பேட்டைப் பிடிக்கிற விதத்தை மாத்துங்க.

— மாத்த மாட்டேன்.

— பேனா மாதிரி ரெண்டு விரல்ல கிள்ளிப் பிடிச்சா, இடது பக்கம் வர்ற பந்துக்குக் கை எப்படித் திரும்பும்? கை குலுக்குற மாதிரி பிடிங்க.

— பள்ளிக்கூடத்துல பேனா பிடிச்சதே மூணு வருஷம். இங்கயாவது பிடிச்சுட்டுப் போறேன். குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க மாப்ள, தலை சுத்துது.

— நடக்குறது நீங்கதான்.

— அவன் உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தான்ல? பாத்தேன். பிடியை மாத்த வைக்கச் சொல்லி அனுப்பிச்சானா?

— உங்களுக்கும்தான் வாங்கினான். நீங்க கீழ கொட்டிட்டீங்க.

— வேணும்னேதான் கொட்டினேன். முப்பது வருஷமா கிரேன் மேல உக்காந்து எல்லார் உச்சந்தலையையும் பாத்தவன் நான். கீழ நின்னு கொக்கி மாட்டுற நீங்க எனக்குச் சொல்ல வந்துட்டீங்க!

— போன வருஷம் கை குலுக்குற பிடியிலதானே கோப்பையே வாங்கினீங்க? நடுவுல ஏன் மாத்தினீங்க? எங்க, என் கையைப் பிடிங்க.

— விடுங்க.

— பிடிங்க மாமா. நல்லா அழுத்துங்க.

— அழுத்திக்கிட்டுதான் இருக்கேன்.

— எங்க? மாமா... இந்த மூணு விரலும் மடங்கவே இல்லையே!

— சத்தம் போடாதீங்க. ஃபோர்மேன் முன் பெஞ்சுல உக்காந்திருக்கான். பேட்டுக்குப் பின்னால வச்சா ஒருத்தனுக்கும் தெரியாது. ஆறு மாசமா மரத்துக் கெடக்கு. உங்க அத்தைக்கே தெரியாது.

— அப்புறம் எதுக்குப் போட்டிக்குப் பேர் குடுத்தீங்க?

— குடுக்கலன்னா, போன வருஷம் ஜெயிச்ச ஆள் ஏன் ஆடலன்னு ஃபோர்மேன் கேப்பான். டாக்டர்கிட்ட அனுப்புவான். டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவான். இன்னும் எட்டு மாசம் தள்ளிட்டா முழுப் பென்ஷன். வாயைத் தொறந்தீங்க, அப்புறம் என் வீட்டு வாசல்படி மிதிக்காதீங்க.

— ஒரு நிமிஷம் இருங்க. ஆறு மாசமா இந்தக் கையாலயா கிரேன் ஓட்டுறீங்க?

— விசில் ஊதிட்டான். பேட்டைக் குடுங்க.

— மாமா, கீழ நிக்கிறது நான். என் தலைக்கு மேலதான் அத்தனை இரும்பும் போகுது.

— உங்க தலைக்கு மேல போறப்ப மட்டும் ரெண்டு கையாலயும் லீவரைப் பிடிச்சுக்குவேன் மாப்ள.