பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்

...அதெப்படிங்க போட்டக் கடலுக்கு எடுக்க முடியும்? ஒரு ஸ்பேனரக் காணும்! பதிமூணாம் நம்பரு! இஞ்சினுக்குள்ள எங்கயாச்சும் கெடந்துச்சுன்னா? நடுக்கடல்ல போயி ‘கடகட’ன்னு நின்னுச்சுன்னா?

நீங்க பூவத்துலேருந்து இன்னிக்குத்தான் வேலைக்கு வந்துருக்கீங்க. மொத நாளே போட்டுல சும்மா உக்கார வச்சிட்டாங்களேன்னு மனசுல வச்சிக்காதீங்கண்ணே. உக்கார வச்சது அவங்க இல்ல, நான்தான். சோமசேகரன். போட்டுக்காரன் நாகராஜு என் சம்சாரத்தோட தம்பி. அந்தா, பலகையெல்லாம் பேத்துப் போட்டுட்டு இஞ்சின் குழிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறான்ல, அவன்தான். பாக்காதீங்க, பாக்காதீங்க... இங்கிட்டு திரும்பிருவான்.

தடைக்காலம் முடிஞ்சி மொதமொதல்ல கடலுக்குப் போற நாளு. ரெண்டு மாசமா கரையில கெடந்த போட்டெல்லாம் விடியக்காத்தால போயிருச்சு. நம்மளுது மட்டும் ஐஸ ஏத்திக்கிட்டு உருகவிட்டுக்கிட்டு நிக்கிது. செத்த நேரத்துல தண்ணி வத்திரும். வத்துனா முகத்துவாரத்துல மணலு தட்டும், அப்பறம் இன்னிக்குக் கடலே இல்ல. எனக்குத் தெரியாதா? ஆனா ரூலுன்னு ஒண்ணு இருக்குல்ல?

மஸ்கட்ல ஏர்போட்டு ஹேங்கர்ல இருந்தவன் நான். ஹேங்கர்னா பிளேன நிறுத்தி வேல பாக்குற கொட்டாய். கொட்டாய்னா நம்மூரு கொட்டாய் இல்ல, காரைக்கால் பஸ் ஸ்டாண்டத் தூக்கி உள்ள வச்சிரலாம். அங்க ஒரு ஸ்பேனரு கொறைஞ்சாலும் பிளேன் நகராது. எஃப்.ஓ.டி.ம்பாங்க. இருக்கக்கூடாத பொருளு இருக்கக்கூடாத எடத்துல கெடந்து மிஷினக் கெடுக்குறது. நட்டு, கம்பி, கந்தத்துணி, எதுவானாலும் சரி. அந்தப் பயம் எனக்கு ரத்தத்துல ஊறிப்போச்சு. வீட்டுலயும் விடல. அடுப்படி செவத்துல கரண்டி கரண்டியா படம் வரஞ்சி ஆணி அடிச்சிட்டேன். ஷேடோ போர்டு! எந்தக் கரண்டி எடத்துல இல்லன்னு பாத்தவொடனே தெரியணும்ல? ‘தாளிக்கிற கரண்டி எங்க பூங்கொடி’ன்னு சம்சாரத்துக்கிட்ட கேட்டேன். ‘ஒங்க மண்டையில’ன்னா.

என்னது, இஞ்சினியரா? யாரு சொன்னா? மண்டபத்தூர் ஊரே சொல்லுதா... சொல்லும், சொல்லும். நான்தான் சொன்னேன். இல்ல, நான் சொல்லல. அவங்க சொல்றப்ப நான் இல்லைங்கல. ஒங்ககிட்ட என்ன வெக்கம், பிளேன்ல ஒரு நட்டு முடுக்குனதில்லண்ணே. டூல் ஸ்டோர்ல ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு ஸ்பேனரு குடுப்பேன், ஸ்பேனரு வாங்குவேன். அவ்ளோதான் உத்தியோகம். ஆண்டவன் எனக்குக் குடுத்தது ஒரே ஒரு வித்த. அதுலயும் மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன் பாருங்க!

நேத்து நாகராஜு என்ன கேட்டான்? ‘மச்சான், கப்ளிங் போல்ட்டு லூசா இருக்கு, கொஞ்சம் முடுக்கி வுடுங்க’ன்னான். பீடி குடிக்கிற நேரத்து வேல. நான் சும்மா முடுக்கிட்டு வந்துருக்கலாம். முடியுமா? முறையா செய்யணும்ல! மொத காரியமா ஸ்டேரிங்ல செவப்பு ரிப்பனக் கட்டுனேன். அந்தா தொங்குதே, வெள்ள எழுத்து, ரிமூவ் பிஃபோர் ஃபிளைட்டு. அதக் கழட்டாம பிளேனக் கெளப்பக்கூடாது. வர்றப்ப ஞாபகத்துக்கு ஒண்ணு குடுத்தாங்க... சரி, நானே எடுத்தாந்தேன். கடக்காத்துல படபடன்னு மூஞ்சியில அடிச்சிச்சு. நுனியில கனத்துக்குக் கரித்துணிப் பொட்டலம் ஒண்ணக் கட்டிட்டுத்தான் வேலைக்கே உக்காந்தேன். அவ்ளோ முறை!

வேல முடிஞ்சிச்சு, பெட்டியப் பாத்தா பதிமூணக் காணும். இதுல கொடுமை என்னன்னா, பதிமூண நான் போல்ட்டு முடுக்க எடுக்கவே இல்ல. முடுக்குனது பத்தொம்போதுல. தொடாத ஸ்பேனரு எப்படிண்ணே காணாமப் போவும்? ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. சொல்லாமலே இருந்துருக்கலாம். வாய் சும்மா இருந்துச்சா? காலையில கெளம்புற நேரத்துல போயி, ‘நாகராஜு, நிறுத்து! எஃப்.ஓ.டி!’ன்னேன்.

அண்ணே... எங்க எந்திரிச்சிட்டீங்க? பேசிக்கிட்டிருக்கேன்ல. அய்ய, அத ஏன் தொடுறீங்க? ஸ்பேனரு கெடைக்காம ரிப்பனக் கழட்டக்கூடாது! பொட்டலத்த ஏன் பிரிக்கிறீங்க, அதுல ஒண்ணுமில்ல, கனத்துக்குக் கைக்குக் கெடைச்சத...

...

அய்யய்யோ. பதிமூணு!

மெதுவாண்ணே, மெதுவா! அப்பிடியே மடியில சொருகுங்க. நாகராஜுக்குக் காட்டா... காட்டிட்டீங்க.

டேய் மச்சான், திட்டுறத அப்பறம் திட்டு, மொதல்ல பலகையப் போடு, தண்ணி வத்துதுடா! என்னது? எறங்கணுமா? யாரு, நானா? சரிடா, எறங்குறேன். கையப் புடிக்காத, நானே எறங்குறேன். ரிப்பன ஏண்டா என் மேல வீசுற?

அண்ணே! கயித்த அவுத்துட்டு நீங்களும் ஏறிட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ...கேக்குதா? இஞ்சின் சத்தம் ஜோராத்தான் இருக்கு! தண்ணி கெடக்கு, முகத்துவாரத்தத் தாண்டிருவீங்க! பயப்படாதீங்கண்ணே, ஒண்ணும் ஆவாது! இருக்கக்கூடாத பொருளக் கரையில எறக்கியாச்சுல்ல!