மருமகளின் பாவங்கள்

கொட்டாஞ்சேனை பஸ் நிறுத்தத்தில் அன்றைக்கு மூன்று பேர்தான்: கையில் ஜெபமாலையோடு ஓர் அம்மா, அவருடைய சிநேகிதி, நான்.

"பாவசங்கீர்த்தனத்தில மருமகள்ட பாவத்தையெல்லாம் சொல்லிட்டன்," என்றார் அந்த அம்மா.

"மருமகள்டயா? ஃபாதர் என்ன சொன்னவர்?"

"'அவவை வரச் சொல்லுங்க, கேட்கிறன். உங்கட பாவம் எங்க?' என்டார். வெட்கமாப் போச்சு. என்ட வாயாலதானே மகனும் அவளும் வத்தளைக்கு வீடு மாறப் பார்த்தாங்க."

"என்ன பரிகாரம் தந்தவர்?"

"அவளைக் குறை சொல்ல வாயெடுத்தா, அவளுக்காக ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லோணும். முதல் நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னன். இப்ப தானா வருது."

கதை முடியுமுன் பஸ் வந்துவிடுமோ என்று எனக்குப் பதைப்பு.

"மருமகள் கவனிச்சாளா?"

"பயந்தே போனாள்! 'மாமி, ஒரு கிழமையா ஒண்டுமே சொல்றீங்க இல்ல, சுகமில்லையா?' என்டு லீவு போட்டு டொக்டர்ட்ட கூட்டிப் போனாள். வழியில எல்லாத்தையும் சொல்லி அழுதிட்டன். அவளும் அழுதாள்."

"அப்ப வத்தளை வீடு?"

"வேணாம் என்டுட்டாங்க. குடுத்த அட்வான்ஸ்ல பாதி திரும்பி வந்திட்டுது. அந்த வீட்டுக்காரரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டன். நல்ல மனிசன். இன்னும் நாற்பதாயிரம் தரோணும்."